நிலா ரொம்ப நல்ல பொண்ணு, அதுதான் பிரச்சினை

சுஜாதாவின் கதைகளைப் படித்தவர் யாரிடமாவது 'என் இனிய இயந்திரா' நாவலின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "ஜீனோ!" என்பார்கள். முகமே மலர்ந்துவிடும். அந்த இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படித்ததையும் நக்கல் அடித்ததையும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் ஜீவா என்ற சர்வாதிகாரியையும், அவர் யார் என்று தெரியவரும் இடத்தையும் சொல்வார். நிலாவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாமாக எடுத்துக் கேட்டால், "ஆமா, அந்தப் பொண்ணு... கொஞ்சம் அசடு இல்ல?" என்பதோடு சரி.

எனக்கு அந்த அசட்டுப் பொண்ணைப் பற்றித்தான் எழுத வேண்டும். கதையை முழுசாக உடைத்துத்தான் பேசப்போகிறேன், அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' உள்பட. படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் பட்டுப்புடவை விலை கேட்பீர்கள். என் ஊர் ஆரணி. பட்டுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆறு ஓடுகிற, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. ஆடி மாதம் பவானியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு எங்கள் பக்கம் தெரியும், மற்றபடி யாருக்கும் தெரியாது. இங்கிருந்து கம்பெனி பஸ் ஏறினால் புதுவாயல், கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நாவலை இரண்டாம் தடவை படித்ததெல்லாம் அந்த பஸ்ஸில்தான். என்னிடம் இருப்பது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. அத்தை ஆனந்த விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு ஒட்டிய தொகுப்பு. சில அத்தியாயங்களின் பின்பக்கம் தைல விளம்பரம், சிலவற்றில் பாதி ஜோக். தையலுக்குள் போய்விட்ட எழுத்துகளை விரலால் விரித்துத்தான் படிக்க வேண்டும். பஸ் குலுங்குகிற குலுங்கலில் அது ஒரு தனி வேலை.

சரி, நிலா.

கதை இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. சுஜாதா எழுதியது 1980களில். அதாவது அவர் கற்பனை செய்த வருடங்களை நாம் ஏற்கெனவே வாழ்ந்து கடந்துவிட்டோம். இந்தியாவை ஜீவா ஆள்கிறார். பெயர்கள் எல்லாம் இரண்டு எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நாவல் தொடங்கும்போது நிலாவுக்கு அந்த அனுமதி கிடைத்திருக்கிறது. அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் தெரியுமா? பூரிக்கிறாள். அவ்வளவுதான். தன் வயிற்றில் ஒரு பிள்ளை வருவதற்கு எவனோ எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. ரேஷன் கடையில் நமக்கு முன்னால் நிற்பவருக்குச் சர்க்கரை தீர்ந்து நமக்குக் கிடைத்துவிட்டால் ஒரு சந்தோஷம் வருமே, அந்த சந்தோஷம்.

சுஜாதா இதை எழுதிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலை முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தால் அதிகம். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் இந்த நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதில் எத்தனை பேர் தாங்களாக விரும்பிப் போனவர்கள் என்பது வேறு விஷயம். பக்கத்தில் சீனாவில் 'ஒரு குழந்தை போதும்' என்ற கொள்கை நடந்துகொண்டிருந்தது. ஆக, பிள்ளை பெற அனுமதி என்பது விஞ்ஞானக் கற்பனையே இல்லை. அன்றைய செய்தித்தாள்தான். அந்த அனுமதிக்கு நன்றி சொல்கிற ஒரு பெண்ணை அவர் முதல் அத்தியாயத்திலேயே வைத்தாரே, கற்பனை என்றால் அதைச் சொல்லலாம்.

பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். ரவி என்பவன் ஓர் இயந்திர நாயோடு அவர்கள் வீட்டில் வந்து இறங்குகிறான், கையில் அரசாங்க உத்தரவோடு. கொஞ்ச நாளில் கணவன் சிபி காணாமல் போகிறான். நிலா தேடுகிறாள். தேடுவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை நம்புவது. நேற்றுவரை அரசாங்கத்தை நம்பினாள். இப்போது ரவியை நம்புகிறாள், ரவியின் நண்பன் மனோவை நம்புகிறாள். ஜீவாவை ஒழித்துக்கட்ட இவர்கள் போடுகிற திட்டத்துக்குள் போகிறாள். அந்தத் திட்டத்தில் தனக்கு என்ன வேலை, எதற்காகத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவள் குடைந்து குடைந்து கேட்பதில்லை. கேட்டால் மனசு நோகும் என்பது போல ஒரு தயக்கம். அவர்கள் மனசு!

இங்கேதான் எனக்கு அவளைப் பிடித்துப்போகிறது. எரிச்சலும் வருகிறது. ரெண்டும் ஒரே நேரத்தில்.

இந்த மாதிரிக் கதைகளில் 'நல்லவர்' என்று நாம் சொல்கிற ஆட்கள் பலரும் இப்படித்தான் எங்கோ ஓரிடத்தில் இடறுகிறார்கள். ஆர்வெலின் '1984' நாவலில் வின்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவன் மேல் பரிதாபம், பாசம் எல்லாம் இருக்கும். ஆனால் ஓபிரையன் அவனைப் புரட்சிக்குச் சேர்க்கிற மாதிரிப் பாவனை செய்து ஒரு பட்டியல் கேட்பான்: இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா என்று. அதில் ஒன்று, தேவைப்பட்டால் ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் ஊற்றுவாயா என்பது. வின்ஸ்டன் சரி என்கிறான். யோசிக்கக்கூட இல்லை. பிற்பாடு அவனைச் சித்திரவதை செய்யும்போது, நாங்கள்தான் கெட்டவர்கள், நீ ரொம்ப யோக்கியனோ என்று அந்த ஒலிப்பதிவையே போட்டுக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு பார்சன்ஸ் இன்னும் மோசம். அப்பாவி, எல்லோருக்கும் உதவுகிற ஆள். பெற்ற பெண்ணே காட்டிக்கொடுத்து சிறைக்கு வந்த பிறகும், பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுவான். (ஆர்வெல் பிறந்தது பீகாரில், மோதிஹாரியில். எங்கள் கம்பெனியில் அந்தப் பக்கத்துப் பையன்கள் உண்டு. ஒரு பையனிடம் சொன்னேன், உங்க ஊர்க்காரர் ஒருத்தர் பெரிய எழுத்தாளர் என்று. "எந்தச் சாதி அண்ணே?" என்றான்.)

நிலாவுக்கு நெருங்கிய சொந்தம் என்று பார்த்தால் அது வின்ஸ்டன் இல்லை. கசுவோ இஷிகுரோ 2005ல் எழுதிய 'நெவர் லெட் மீ கோ' நாவலின் கேத்தி. உறுப்புகளை எடுப்பதற்காகவே நகலெடுத்து வளர்க்கப்பட்ட மனிதர்கள், அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் வேலை கேத்திக்கு. அவளும் அந்த நகல்களில் ஒருத்திதான், நாளைக்கு அவள் முறை வரும். அவளுடைய பெருமை என்ன தெரியுமா? தான் பார்த்துக்கொள்கிற ஆட்கள் பதற்றப்படுவதில்லை, அமைதியாக இருக்கிறார்கள் என்பது. அன்பாகப் பேசுவாள், கை பிடித்துக்கொள்வாள், மனசறிந்து நடப்பாள். அவளைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரிகளில் கலாட்டா நடந்திருக்கும். ஒரு கொடுமை சத்தமில்லாமல் நடப்பதற்கு இப்படி ஒரு அன்பான ஆள் தேவைப்படுகிறது. காவலாளியால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

நான் கேத்தியை நேரில் பார்த்திருக்கிறேன். ஆம்பளை, மீசை வைத்த கேத்தி.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர். பேர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். எல்லாருக்கும் அண்ணன். நாலடுக்குக் கேரியர் கொண்டுவருவார், அதில் ஒரு அடுக்கு எப்போதும் கூடுதல் சோறு. ஒடிசாப் பையன்களுக்குத்தான் அது. புதுசாக வந்தவனுக்கு நம் சாம்பார் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லி பருப்பைத் தனியாக வேகவைத்து வாங்கிவருவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே வண்டியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ரூம் வாடகை பாக்கி வைத்தவனுக்காக வீட்டுக்காரரிடம் போய் நின்று பேசுவார். இதில் ஒரு சொட்டு நடிப்பு கிடையாது, மனுஷன் சுபாவமே அது.

ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரம். கான்ட்ராக்ட் பையன்களிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. எதற்கு என்று அவருக்கும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பையன்கள் வரிசையாக நின்று போட்டார்கள். ஒருத்தன் மட்டும் பேனாவைப் பிடித்தபடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லையே என்கிற மாதிரி. அண்ணன் போய் அவன் தோளில் கை போட்டார். "போடுப்பா, நான் இருக்கேன்ல, பார்த்துக்கிறேன்" என்றார். அவன் போட்டான். மேனேஜர் வந்து மிரட்டியிருந்தால் அவன் போட்டிருக்க மாட்டான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அண்ணன் சொன்னதால் போட்டான்.

அடுத்த மாதம் அந்தத் தாள்கள் எல்லாம், 'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்ற கடிதமாக வெளியே வந்தன. அண்ணன் கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். உண்மையான அழுகை. ஊருக்குப் போகிற பையன்களுக்குக் கைக்காசு கொடுத்து ரயிலேற்றியும் விட்டார். மறுமாதம் புதுசாக வந்த பையன்களுக்குக் கேரியரில் கூடுதல் சோறு வந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அது பொய். அதே சமயம், 'பாவம், அவர் என்ன செய்வார்' என்று விட்டுவிடவும் முடியவில்லை. எதற்கு இந்தத் தாள் என்று ஒரே ஒரு கேள்வி அவர் கேட்டிருக்கலாம். பதில் வந்திருக்காது, அது வேறு. பதில் வரவில்லை என்பதைப் பையன்களிடமாவது சொல்லியிருக்கலாம். நிலாவிடமும் எனக்கு இருக்கிற மனக்குறை இதேதான்: அன்பு நிறைய இருக்கிறது, கேள்வி மட்டும் இல்லை. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நமக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், குறிப்பாக நம் வீட்டுப் பெண்களுக்கு.

நம்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் தண்ணீர் எங்கள் ஆற்றில்தான் வரும். மழைக்காலத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு போனால், ஆதாரம் காட்டு என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. மாட்டை அவிழ்க்கிறோம், கிளம்புகிறோம். ஆனால் அங்கே ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் வந்ததா இல்லையா என்று மறுநாள் காலையில் பாலத்தில் நின்று எல்லோரும் பார்க்கலாம். மைக்காரர் சொன்னது பொய்யானால் டீக்கடையில் அவர் மானம் போய்விடும். நிலாவின் உலகத்தில் அந்தப் பாலம் இல்லை. ஜீவா சொன்னதைச் சரிபார்க்க ஓர் இடம் கிடையாது. அந்த உலகத்தில் நம்பிக்கைக்கு என்ன ஆகும் என்பதைத்தான் சுஜாதா அவளை வைத்துக் காட்டுகிறார்.

ஜீவாவையே பாருங்கள். கடைசியில் என்ன தெரியவருகிறது? அப்படி ஒரு மனிதனே இல்லை, வெறும் ஹோலோகிராம், ஒளியால் ஆன பிம்பம். இதை எழுதியவர் பகலில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர் எஸ். ரங்கராஜன். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர். பகலில் மக்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, ராத்திரியில் ஆளே இல்லாத ஓர் ஆட்சி பற்றிய தொடர்கதை. அவருக்கு இந்த விஷயத்தில் நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான வாசகர்கள் இந்தத் திருப்பத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சர்வாதிகாரி பொய் என்று தெரிந்துவிட்டது, நிலா ராணி ஆகிவிட்டாள், சுபம். எனக்கு விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணி. அதிகாரம் யார் கையில்? ரவி, மனோ கையில். ஜீவாவை எதிர்த்த அதே புரட்சிக்காரர்கள். பழைய பிம்பத்தை அணைத்துவிட்டு, அதே இடத்தில் ரத்தமும் சதையுமாக ஒரு பிம்பத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கு நிலாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? அழகி, அன்பானவள், ஜனங்களுக்கு அவளைப் பார்த்தால் பிடிக்கும், எழுதிக்கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் செய்வாள்.

எத்தனையோ எழுத்தாளர்கள் இந்த இடத்தில் சொதப்பியிருப்பார்கள். கிரீடம் வைத்ததும் புத்தி வந்தது, வீரம் வந்தது என்று எழுதியிருப்பார்கள். நம் சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் அது நடந்துவிடும். சுஜாதா நிலாவுக்கு அந்தச் சலுகை தரவில்லை. முதல் நாவலில் இருந்த அதே குறையோடுதான் அவள் சிம்மாசனம் ஏறுகிறாள். நிலைமை அவளுக்குப் புரிவது கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் ஜீனோவின் துணையோடு. சந்தேகப்படக் கற்றுக்கொண்டது அந்த இயந்திரம்தான். மனுஷி நம்பிக்கொண்டே இருக்கிறாள், நாய் பொம்மை படித்துப் படித்து யோசிக்கப் பழகிவிட்டது. ஜீனோ நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம்மால் கேட்க முடியாத கேள்விகளை அது கேட்கிறது, அதுவும் பயமில்லாமல்.

சுஜாதா மேல் எனக்குக் குறையும் உண்டு. நிலாவை அவர் அவ்வப்போது தன் பேனாவாலேயே கைவிட்டுவிடுகிறார். ஜீனோவுக்கு அழகழகான வசனங்கள், நிலாவுக்குக் கண்ணீரும் திகைப்பும். அவள் எப்படி இருக்கிறாள் என்பதில் காட்டும் அக்கறையில் பாதியை அவள் என்ன நினைக்கிறாள் என்பதில் காட்டியிருக்கலாம். வாரப்பத்திரிகைத் தொடர், அடுத்த வாரத்துக்குக் கொக்கி போட வேண்டிய அவசரம், எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்த அவசரத்தில் அடிபட்டது எப்போதும் நிலாதான். 'அசடு' என்று வாசகர் சொல்வதற்குப் பாதிக் காரணம் அவர். மீதிப் பாதி நாம். துப்பாக்கி தூக்குகிறவனையும் கம்ப்யூட்டரை உடைக்கிறவனையும் நாயகன் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏமாந்துகொண்டே இருக்கிற ஒருத்தி கதையின் மையமாகத் தெரிவதில்லை.

என் கணக்கில் தமிழில் வந்த விஞ்ஞானக் கதைகளிலேயே நிஜமான மனுஷி நிலாதான். ரவி மாதிரிக் கெட்டிக்காரனை நான் பார்த்ததில்லை. ஜீவா மாதிரி ஒருத்தரை, நல்லவேளை, நேரில் சந்தித்ததில்லை. நிலாவை சிப்காட்டில் எந்த ஷிஃப்டிலும் பார்க்கலாம், எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். நல்ல மனசு, நாலு பேருக்கு உதவுகிற குணம், மேலிடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதி.

அத்தையிடம் ஒருமுறை கேட்டேன், இவ்வளவு பாடுபட்டுத் தைத்து வைத்தீர்களே, யாரைப் பிடிக்கும் என்று. "நாயைத்தான்" என்றாள். நிலா? "அவளைப் பத்தி என்ன, அவ நம்மள மாதிரிதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாவல்களும் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஜீனோவுக்காகப் படித்தவர்கள் இன்னொரு தடவை நிலாவுக்காகப் படியுங்கள். 'மீண்டும் ஜீனோ'வைத் தவறவிட்டவர்கள் அதைக் கட்டாயம் படியுங்கள், அது இல்லாமல் முதல் நாவல் பாதிக் கதைதான். படித்துவிட்டு அவள் அசடுதான் என்று உங்களுக்குத் தோன்றினால் கீழே எழுதுங்கள், சண்டை போடலாம்.